சனியைப் பார்க்க ஒரு சலூன் நாற்காலி

போன மாதம், நான் வேலை பார்த்த கடைக்குச் சும்மா ஒரு எட்டு போயிருந்தேன். கண்ணாடி அலமாரிக்குள் ஒரு புது டெலஸ்கோப் நின்றிருந்தது. டெலஸ்கோப் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பார்ப்பதற்கு ரொட்டி டப்பா மாதிரி இருந்தது. கண் வைத்துப் பார்க்க அதில் இடமே கிடையாது. மாடியில் வைத்து, பொத்தானை அமுக்கிவிட்டுக் கீழே வந்து சாப்பிடலாம். அது தானே வானத்தைப் படம் பிடித்து, தான் எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்று புரிந்துகொண்டு, நாம் கேட்டதைப் போனுக்கு அனுப்பிவிடும். எனக்கு அதைப் பிடித்துத்தான் இருந்தது. வெகுநேரம் அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

இப்போது என் இடத்தில் இருக்கிற திவ்யா காபி வாங்கிவந்து கொடுத்துவிட்டு, "கஸ்தூரிக்கா, அந்தக் காலத்துல துருவ நட்சத்திரம் தெரியலன்னா வடக்க எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் காலமாம்! நான் ஓய்வு பெற்று இன்னும் தலைமுடிக்கு டை அடிப்பதைக்கூட நிறுத்தவில்லை. "நிழல வெச்சுத்தான்" என்றேன். "நிழலா?" என்று சிரித்தாள். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். பாதியில் விட்ட பேச்சு வீடு வரைக்கும் கூடவே வந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முதலில் வேலை பார்த்தது அத்திபெலே பக்கம், அளவுக் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனியில். பாகங்களைப் பொருத்துகிற வேலை. அதை மூடினார்கள். அப்புறம் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் இந்தக் கடைக்கு வந்தேன். பைனாகுலர், மைக்ராஸ்கோப், டெலஸ்கோப் விற்கிற கடை. ஒரு திருகை எவ்வளவு இறுக்கினால் போதும் என்று என் கைக்குத் தெரியும். வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதைப் போகப் போகத் தெரிந்துகொண்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

கடை முதலாளி முரளி சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கன்னடக்காரர். நன்றாகத் தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைக்கு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெருசாத் தெரியும்?" என்றுதான். அந்தக் கேள்வி அவர் காதில் விழாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லி நில்தீரா? எங்க நின்னு பாப்பீங்க?" என்பார். வந்தவர் திகைப்பார். மொட்டை மாடியா, பால்கனியா, காரில் ஊருக்கு வெளியே கொண்டுபோவீர்களா, யார் தூக்குவது, வீட்டில் லிஃப்ட் உண்டா என்று ஒரு பெண் பார்க்கிற சம்பந்தி மாதிரி விசாரிப்பார். அவர் கணக்கில் குழாயும் கண்ணாடியும் அப்புறம். முதலில் கால், அதாவது முக்காலியும், அதன் மேல் டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்புகிற மவுண்ட்டும்.

இரண்டு மூன்று ஸ்டாண்டுகளை வாசலில் நிறுத்தி, தூரத்தில் தெரியும் சர்ச் கோபுரத்தின் சிலுவைக்கு நேராக டெலஸ்கோப்பைத் திருப்புவார். வந்தவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் குழாயை ஒரு தட்டு தட்டுவார். "சிலுவை எப்ப நிக்குதுன்னு சொல்லுங்க." மெலிந்த ஸ்டாண்டில் சிலுவை ஆடும், ஆடும், ஆடிக்கொண்டே இருக்கும். கனமான ஸ்டாண்டில் நாம் வாயைத் திறப்பதற்குள் நின்றுவிடும். இது மோசம், அது நல்லது என்று அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். வந்தவரே மெலிந்ததை ஓரமாகத் தள்ளிவிடுவார்.

வீட்டில் போய் மாட்டிக்கொடுப்பது என் வேலை. சார் கூட வந்தால் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். டெலஸ்கோப் வைக்கப்போகிற இடத்தில் அதை விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். தரை நடுங்கினால் தண்ணீரில் வளையம் வளையமாக ஓடும். நம் பாதத்துக்குத் தெரியாத நடுக்கம் தண்ணீருக்குத் தெரிந்துவிடும். அந்த வளையங்களைப் பார்த்துக்கொண்டே எத்தனை மாடிகளில் எத்தனை மாலைகளைக் கழித்திருப்பேன்! இப்போதும் யாராவது டம்ளரைத் தரையில் வைத்தால் என் கண் அதில் போய் நிற்கும்.

மவுண்ட்டில் இரண்டு சாதி. ஒன்று, நம் கழுத்து மாதிரி மேலே கீழே, இடம் வலம் என்று திரும்பும். எளிது. இன்னொன்று, ஒரு அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகச் சாய்த்து வைப்பது. அதைச் சரியாக வைத்துவிட்டால், ஒரே ஒரு மோட்டார் மெல்லச் சுற்றி, பூமி ஒரு பக்கம் ஓடினால் மறு பக்கம் ஓடி, பார்க்கிற கிரகத்தைக் கண்ணுக்குள்ளேயே வைத்திருக்கும். இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. இந்த மவுண்ட்டுகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்களுக்காகச் செய்யப்படுபவை. அங்கே துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் இருக்கும். பெங்களூரிலோ அது வாழைமரத்து உயரத்துக்கு மேலே வராது. அச்சைக் கிட்டத்தட்டப் படுக்கப்போட வேண்டும். அப்படிப் போட்டால் டெலஸ்கோப்பைச் சமன்செய்ய எதிர் எடை தொங்குகிற கம்பி முக்காலியின் காலில் போய் இடிக்கும். பலர் பெட்டியில் வந்த சாய்மானத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, நிலா நழுவுகிறது, மோட்டார் கெட்டுவிட்டது என்று போன் செய்வார்கள். ஹெப்பகோடியில் ஒருவர் சாய்மானத்தைச் சரியாகத்தான் வைத்திருந்தார். ஆனால் தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தை ஒட்டி நின்றுகொண்டு போனில் திசை பார்த்திருந்தார். இரும்பு இழுத்த பக்கம் அவருக்கு வடக்கு. நாலு எட்டு தள்ளி நிற்க வைத்ததும் வடக்கு திரும்பியது. "அப்ப இத்தனை நாளா நான் வாஸ்துவும் தப்பாத்தான் பாத்தேனா?" என்று அவர் கேட்டதுதான் அன்றைக்கு எங்களுக்குக் கவலை.

இதெல்லாம் தினப்படி. ஒரே ஒரு வீடு மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. அது ஜீவனஹள்ளியில் பிலோமினா மிஸ் வீடு.

மிஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் அந்தோணி கனடாவில். கடைக்கு ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினார். மடியில், மகன் வாங்கி அனுப்பிய சின்ன டெலஸ்கோப். முரளி சார் வழக்கப்படி கண்ணாடியைக் கழற்றுவதற்குள், மிஸ் தன் இரண்டு கையையும் மேசை மேல் வைத்தார். கைகள் நடுங்கின. மேசை மேலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

"இதான் கேஸ்," என்றார் மிஸ். "டாக்டர் இது குறையாதுன்னுட்டார். கூடிக்கிட்டேதான் போவுமாம். தலையிலயும் இப்ப லேசா ஆரம்பிச்சிருக்கு. நாப்பது வருஷம் போர்டுல சனிக்கு வளையம் போட்டேன். ஒரு தடவ கூட நெஜமாப் பாத்ததில்ல. இதத் தொட்டாலே எல்லாம் பறக்குது. தலையும் முழுசா ஆட ஆரம்பிக்கறதுக்குள்ள பாக்கணும்."

"மகன் வந்தா புடிச்சுக்க மாட்டாரா?" என்று கேட்டேன்.

"அவன் வர்ற வருஷம் வருவான். அதுவுமில்லாம, யாரும் புடிச்சுக்கக் கூடாது. எனக்குச் சோறு ஊட்டிவிட ஆள் வெச்சாச்சு. இதையும் ஊட்டிவிட வேணாம்."

முரளி சார் அன்றைக்கு எங்க நின்னு பார்ப்பீங்க என்று கேட்கவே இல்லை. "நோட்ரீ, பாருங்க கஸ்தூரி, ஸ்கோப்ப இவங்க தொடவே கூடாது. ஆனா இவங்களேதான் ஓட்டணும்," என்றார். இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

கனமான முக்காலி, மோட்டார் வைத்த மவுண்ட், படத்தைத் தெளிவாக்குகிற திருகுக்கும் ஒரு குட்டி மோட்டார் என்று எடுத்து வைத்தோம். எல்லாவற்றுக்கும் சேர்த்து, சுருள் ஒயரில் தொங்குகிற ஒரு பொத்தான் பெட்டி. அதை மிஸ் மடியில் வைத்துக்கொள்ளலாம். கை எவ்வளவு ஆடினாலும் சுருள் ஒயர் அதை விழுங்கிவிடும்; டெலஸ்கோப்புக்குப் போய்ச் சேராது.

மாடியில் டம்ளரை வைத்தோம். தண்ணீர் கொதிக்கிற மாதிரி நடுங்கியது. அடுத்த வீட்டு மாடியில் தையல் யூனிட். பத்துப் பதினைந்து மெஷின்கள் ராத்திரி வரைக்கும் ஓடும். மிஸ் டம்ளரைக் குனிந்து பார்த்து, "பரவால்ல, எனக்குத் துணை இருக்கு," என்று சிரித்தார். கடைசியில் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண்மேல் சிமெண்டு போட்ட இடம் அகப்பட்டது. அங்கே தண்ணீர் கண்ணாடித் துண்டு மாதிரிக் கிடந்தது. தெற்கே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு பட்டை வானம். அந்த மழை விட்ட வாரங்களில் சாயங்காலம் சனி அந்தப் பட்டையைத்தான் கடந்து போய்க்கொண்டிருந்தது. ஆனால் வடக்கே நாலு மாடிச் சுவர். துருவ நட்சத்திரம் தெரிய வழியே இல்லை. பக்கமெல்லாம் இரும்பு ஜன்னல், இரும்புக் கேட், திசைமானியும் உதவாது.

"நெழல் இருக்கே," என்றார் மிஸ்.

அந்த ஒரு நாளை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். துணி காயப்போடும் கம்பியில் கொத்தனாரின் தூக்குகுண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். நூலில் ஒரு பாசிமணி. காலையில் மணியின் நிழல் விழுந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி. குண்டுக்கு நேர் கீழே ஒரு புள்ளி. அதை மையமாக வைத்து, நிழல் புள்ளி வழியாக ஒரு வட்டம். மிஸ் சொல்லச் சொல்ல நான் போட்டேன். பிறகு ஒன்றும் செய்ய வேண்டாம், காத்திருக்க வேண்டும். நிழல் வட்டத்துக்குள் நுழைந்து, குறுகிக் குறுகி, உச்சி வெயிலில் வடக்கே சுருண்டு, மறுபடி நீண்டு, பிற்பகலில் வட்டத்தின் மறு பக்கத்தைத் தொடும். குண்டுக்குக் கீழே போட்ட புள்ளியிலிருந்து, வட்டத்தின் மேலுள்ள இரண்டு நிழல் புள்ளிக்கும் நட்டநடுவுக்கு ஒரு கோடு இழுத்தால் அதுதான் வடக்கு.

அத்தனை மணி நேரமும் நாங்கள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தோம். மேலே தையல் மெஷின்களின் முணுமுணுப்பு. சர்ச்சில் மணி அடித்து ஓய்ந்தது. ஒரு பருந்து எங்கள் வட்டத்துக்கு நேர் மேலே இன்னொரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பாசிமணியின் நிழல் நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை; ஆனால் பார்வையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நகர்ந்திருந்தது. எனக்குக் கண் சொக்கியது. அந்தப் பின்கட்டே ஒரு படகு மாதிரி எங்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருப்பதாக இருந்தது. மூன்று மணி வாக்கில் நிழல் வட்டத்தைத் தொட்டதும் மிஸ் கைதட்டினார். நடுங்கும் கை என்பதால் நாலைந்து தட்டு கூடவே விழுந்தது.

சாயங்காலம் மவுண்ட்டைக் கோட்டின் மேல் வைத்தேன். சனியைப் பிடித்தேன். வளையம் தெளிவாக நின்றது. நடுவிலேயே நின்றது. எவ்வளவு நேரமானாலும் அசையவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மிஸ்ஸை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, "பாருங்க மிஸ்," என்றேன்.

மிஸ் குனிந்தார். தலை ஆடியது. கண் வைக்கிற ஐபீஸின் துளை, கண்ணுக்கு நேரே வருவதும் போவதுமாக இருந்தது. கொஞ்சம் கிட்டே போனார், புருவம் ஐபீஸில் இடித்தது, மொத்தமும் நடுங்கியது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. சனி கட்டடத்துக்குப் பின்னால் போகும் வரைக்கும் விடாமல் முயற்சி செய்தார். "என்னமோ வெள்ளையாக் கோடு இழுத்தாப்ல போவுது," என்றார்.

அந்த நேரம் பார்த்து மகன் போன் செய்தார். "அம்மா, ஒரு கேமரா மாட்டினா போன்லயே பாக்கலாம்மா. எதுக்கு இவ்ளோ கஷ்டம்?"

மிஸ் என்னைப் பார்க்காமல், "சரிடா, போன்லயே பாத்துக்கறேன்," என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் எதிர் எடைகளைக் கழற்றினேன்.

மறுநாள் கடையில் சொன்னதும் முரளி சார் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஸ்கோப்புக்கு மவுண்ட் குடுத்தோம்," என்றார். "பாக்கறவங்களுக்குக் குடுக்கல."

பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் செல்வம் அண்ணனின் சலூன். பஸ் வரும் வரைக்கும் அங்கேதான் தினமும் நிற்பேன். அன்றைக்கு ஒருவர் சவரத்துக்குத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தொண்டைக்குழியில் கத்தி ஊர்ந்தது. அவர் தும்மல் வருகிற மாதிரி முகத்தைச் சுளித்தார். ஆனால் தலை அசையவில்லை. பின்னாலிருந்த தலைதாங்கி பிடித்துக்கொண்டிருந்தது. கத்தி படுகிற இடத்தில் தலை ஆடக்கூடாது என்பதற்காகவே செய்த நாற்காலி! ஏறும், இறங்கும், சுற்றும், சாயும். நான் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

"அண்ணே, பின்னாடி பழைய இரும்புச் சேர் ஒண்ணு போட்டு வெச்சிருந்தீங்களே?"

"இருக்குது. யாருக்கு ஷேவிங்?"

"ஒரு மிஸ்ஸுக்கு."

கத்தியை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். செல்வம் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அந்தாளு நம்மளப் பாத்துறக் கூடாதுன்னு வாராவாரம் எள்ளு விளக்கு ஏத்திக்கினு இருக்கறோம். நீங்க இன்னான்னா சேர் போட்டு உக்காந்து அவரத் தேடிப் பாக்கப் போறீங்க!" ஆனால் மனசு கேட்காத மனிதர். "செவ்வாக்கிழம கட லீவு. நானே எடுத்தாறேன். அந்தச் சேர எப்படி வெக்கணும்னு உங்களுக்குத் தெரியாது."

செவ்வாய்க்கிழமை மதியம் குட்டி யானை வண்டியில் நாற்காலி வந்து இறங்கியது. எண்ணெய் போட்டிருந்தார். மிஸ் வாசலில் நின்று, "எனக்கு இதெல்லாம் வேணாம் கஸ்தூரி. போன்ல பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்," என்றார். முகம் இறுகியிருந்தது.

"ஒரே ஒரு தடவ மிஸ். ஆகலன்னா நான் இனிமே வரவே மாட்டேன்," என்றேன். சும்மா சொல்லவில்லை; அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

எப்போதும் டெலஸ்கோப்பை ஆளுக்குத் தகுந்த மாதிரி வைப்போம். இந்தத் தடவை, இருட்டியதும் சனியைப் பிடித்து வைத்துவிட்டு, ஐபீஸ் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே நாற்காலியைக் கொண்டுபோனோம். குழாயின் முடிவில் வெளிச்சத்தை மடக்கிவிடுகிற கண்ணாடி உண்டு. அதைப் பக்கவாட்டில் திருப்பி, உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேராக ஐபீஸைக் கொண்டுவந்தேன். ஐபீஸையும் மாற்றினேன். கண்ணை ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளி இருந்தாலும் முழுப் படமும் தெரிகிற வகை அது. மிஸ்ஸின் கைகளைச் சால்வைக்குள் வைத்து, பொத்தான் பெட்டியை மடியில் வைத்தேன்.

அப்புறம் செல்வம் அண்ணன் வேலை. இரண்டு துண்டுகளைச் சுருட்டி, காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் செருகினார். தலைதாங்கியை ஒரு பல் ஏற்றினார். மிதியை மெல்ல அமுக்கி நாற்காலியை மயிரிழை மயிரிழையாக உயர்த்தினார். "தலைய நீங்க புடிக்காதீங்கம்மா. எங்கிட்ட விட்டுருங்க. தூங்கறாப்ல விட்டுருங்க," என்றார். சலூனில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! மிஸ்ஸின் தோள் இறங்கியது. தாடை தளர்ந்தது. தலை துண்டுகளுக்குள் போய் அமர்ந்தது.

செல்வம் அண்ணன் விலகிவந்து, சனி இருந்த திசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

மாடியில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருந்தது. மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவையும் ஆகவில்லை என்றே நினைத்துவிட்டேன்.

"நிக்குது," என்றார் மிஸ்.

நான் ஒரு எட்டு கிட்டே போனேன்.

"காபி டம்ளர் ஆடுது. பேப்பர் ஆடுது. கோயில்ல மெழுகுவத்திய ஏத்தப் போனா அது ஆடுது. எத்தன வருஷமாச்சு, எதையாவது நிக்கப் பாத்து! இது நிக்குது கஸ்தூரி. வளையத்தோட அப்படியே நிக்குது."

கண்ணீர் வழிந்து துண்டில் இறங்கியது. துடைக்க அவர் கையை எடுக்கவில்லை. பிறகு மெல்ல, தலையைத் திருப்பாமலேயே, "மோட்டார நிறுத்து," என்றார்.

"ஏன் மிஸ்? நழுவிடும்."

"தெரியும். நிறுத்து."

நிறுத்தினேன். மோட்டாரின் மெல்லிய ரீங்காரம் அடங்கியது. மிஸ்ஸின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. "போவுது... ஓரத்துக்குப் போவுது... போயிடுச்சு." வாய்விட்டுச் சிரித்தார். "பூமி சுத்துதுன்னு நாப்பது வருஷம் சொல்லிக் குடுத்தேன். இப்பத்தான் கண்ணால பாக்கறேன். அப்ப ஆடறது நான் மட்டும் இல்ல!"

நான் மோட்டாரை ஓடவிட்டு, சனியைத் திரும்பப் பிடித்துவைக்க எழுந்தேன். "நீ இரு," என்றார். சால்வைக்குள் விரல்கள் பொத்தானைத் தேடின. விரல் நடுங்க நடுங்க, பொத்தான் அமுங்கியும் விட்டும் மோட்டார் விக்கி விக்கி ஓடியது. நானும் செல்வம் அண்ணனும் மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகைக் காட்டி நின்ற அண்ணனும் எப்போதோ இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

"வருது," என்றார் மிஸ். "துள்ளித் துள்ளி வருது. என் கை மாதிரியே வருது."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். சனி நடுவில் வந்து நின்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் கண் ஐபீஸை விட்டு நகரவில்லை.